குரூப் எங்க போச்சு?

போன தவணைப் பெற்றார் கூட்டம் முடிஞ்சு எல்லாரும் எழும்பிப் போனாப்பிறகும் ஒரு அம்மா மட்டும் கதிரையிலயே இருந்தா. கிட்டப் போய் என்னம்மா எண்டு கேட்டன். "ரீச்சர் குறை நினைக்காதேங்கோ, மற்ற ரீச்சர்மார் எல்லாம் வட்ஸ்அப்பில வேலை போடுகினமாம், நீங்கள் மட்டும் ஒண்டும் போடுறேல்லயாம் எண்டு மகன் சொல்லுறான்."

நான் கிழமைக்கு மூண்டு தரம் போடுறன். அவவின்ர போனை வாங்கிப் பாத்தா எங்கட வகுப்பு குரூப்பைக் காணேல்ல, பிறகு மேல இழுத்துப் பாக்க ஆர்கைவ் எண்டொரு வரி, அதுக்குள்ள பத்திரமாக் கிடக்குது, வாசிக்காத மெசேஜ் 200க்கு மேல. ஆர்கைவ்ல போட்டா குரூப்பும் அழியாது, ஆள் விலகினதெண்டும் காட்டாது, புது மெசேஜ் வந்தாலும் முன்னுக்கு வந்து நிக்காது. மகன் செய்த வேலை, தரம் 9 பெடியன். அவனுக்கு ஐசிரி, கணினிப் பாடம், படிப்பிக்கிறதும் நான்தான், வெக்கக்கேடு.

2020 மார்ச்சில கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டினதோட தொடங்கினது இந்தப் போன் படிப்பு. கிளிநொச்சிப் பக்கம் அப்ப கன வீடுகளில ஒரே ஒரு போன், அதுவும் அப்பா கூலிக்குப் போனா அவரோட போயிடும், பின்னேரம் வந்தாத்தான் பிள்ளைக்கு அண்டைய பாடம். சிக்னலுக்குக் குளக்கட்டில ஏறி இருந்து படிச்ச பிள்ளையள் இருக்கினம். தோட்டை அடைவு வைச்சும், கட்டுக்காசுக்கும் போன் வாங்கிக் குடுத்தினம். பிறகு 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளும் வந்துது, ஆனா போன் மட்டும் வீட்டை விட்டுப் போகேல்ல.

போனால கண் பழுதாப்போகுது, கேம் விளையாடுறாங்கள் எண்டு எல்லாரும் கதைக்கிறம், அது சரிதான். எனக்குப் பெரிசாத் தெரியிறது வேற. கொப்பியை ஆரும் திறக்கலாம். எழுத வாசிக்கத் தெரியாத அம்மம்மாகூட விரிச்சுப் பாத்து, சிவப்பு மை இல்லாட்டி "என்னடா, ரீச்சர் திருத்தேல்லயோ" எண்டு கேப்பா. போனுக்கு லொக் இருக்கு, அந்தக் கோடு எப்பிடி இழுக்கிறதெண்டு பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். ரீலோட் போடுறதும் அவன், பாங்கில இருந்து வாற மெசேஜை வாசிச்சுச் சொல்லுறதும் அவன், வெளிநாட்டில இருக்கிற மாமாக்கு வொய்ஸ் அனுப்பிக் குடுக்கிறதும் அவன், பிறகு எப்பிடி அவனை ஏசுறது? சண்டையில தகப்பனை இழந்து, தாய் தனிய வளக்கிற வீடுகள் வன்னியில கனக்க, அங்க இது இன்னும் கூட.

எங்களிலயும் பிழை இருக்கு. பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்ச பேப்பரை வேர்ட் ஃபைலா அப்பிடியே அனுப்பிப்போட்டு, பிள்ளை "திறந்தா இங்கிலீசு எழுத்தா வருது ரீச்சர்" எண்டா பொய் சொல்லுறான் எண்டு ஏசியிருக்கிறன். போனில அந்த எழுத்துரு இல்லாட்டி அப்பிடித்தான் வரும், எந்தப் போனிலயும் தெரியிற யூனிக்கோட்டில அடிக்கோணும் இல்லாட்டி பிடிஎஃப் ஆக்கி அனுப்போணும். அதைவிடப் பெரிய பிழை, குரூப்பில சேத்தா எல்லாற்ற நம்பரும் எல்லாருக்கும் தெரியும் எண்டதை யோசிக்காதது. தனிய இருக்கிற ஒரு தாய்க்கு ராவில தெரியாத ஆள் கோல் எடுத்த பிறகுதான் எனக்கு உறைச்சுது. இப்ப நான் பிரோட்காஸ்ட் லிஸ்டில அனுப்புறன், ஒருத்தற்ற நம்பர் மற்றவைக்குத் தெரியாது, ஆனா அவை என்ர நம்பரைச் சேவ் பண்ணியிருக்கோணும், இல்லாட்டிப் போய்ச்சேராது. பிள்ளையளைப் போனில ஆரும் கரைச்சல் படுத்தினா 1929க்கு எடுங்கோ, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைதான். வீட்டுவேலையை இப்ப கொப்பியிலயும் எழுதிக் கையெழுத்து வைச்சுத்தான் விடுறன், பழைய காலம் எண்டு சிரிக்கிற ஆக்கள் சிரிக்கட்டும்.

அந்த அம்மாவுக்கு ஆர்கைவ்ல இருந்து குரூப்பை எப்பிடி எடுக்கிறதெண்டு காட்டினன், பிடிச்சு அமத்தி, மேல வாற அடையாளத்தைத் தொட. இரண்டு தரம் தானே செய்து பாத்தா. முடிச்சிட்டுப் போனை என்னட்டத் திருப்பி நீட்டினா.

"திருப்பி உள்ளுக்கையே போட்டுவிடுங்கோ ரீச்சர். அவன் அறியக்கூடாது. அவன் நித்திரைகொண்ட பிறகு நான் பாக்கிறன்."