அத்திரிபாச்சா கதையில் அந்த அடியை வெட்டலாமா?

குழந்தைகளுக்கு நாட்டுப்புறக் கதை நூலகம் ஒன்றை இணையத்தில் கட்ட வேண்டும் என்று வருகிறவர்கள், எடுத்த எடுப்பில் அனிமேஷன், ஆப் பற்றித்தான் பேசுவார்கள். அதெல்லாம் அப்புறம். ஒரே கதையின் எத்தனை வடிவங்களுக்கு இடம் கொடுக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அத்திரிபாச்சா கொழுக்கட்டைக் கதையையே எடுத்துக்கொள்வோம். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மருமகன், பேர் மறக்காமல் இருக்க "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று குதிக்கிறான். அதுவே வாயில் ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து அத்திரிபாச்சா செய்து தரச் சொல்கிறான், மனைவிக்கு விளங்கவில்லை, அடிக்கிறான். "கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப் போச்சே" என்று யாரோ சொல்ல, அவனுக்குப் பேர் ஞாபகம் வந்துவிடுகிறது. பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போகிற இடம் இது. ஆறு வயதுக் குழந்தைக்கு இதை அப்படியே கொடுப்பதா?

பலர் சத்தமில்லாமல் வெட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கதை சொன்னவரின் ஒலிப்பதிவு முழுசாகக் காப்பகத்தில் இருக்கட்டும். பெரியவர்களும் ஆய்வாளர்களும் கேட்கலாம். குழந்தைகள் பக்கத்தில் அடி இல்லாத வடிவத்தை வைத்து, மாற்றிச் சொன்னவர் இன்னார் என்று கீழே போட்டுவிடுங்கள். சாதியைச் சொல்லிக் கேலி, நிறத்தைப் பழிப்பது வருகிற கதைகளுக்கும் இதுதான் வழி.

கதை சொன்னவரின் பேர் (அவர் சம்மதித்தால்), ஊர், மாவட்டம், பதிவு செய்த ஆண்டு, அவர் யாரிடம் கேட்டது என்ற விவரங்களை அன்றைக்கே எழுதி வாங்குங்கள். "தமிழ்நாட்டுக் கதை" என்று மட்டும் போட்டால், கரிசல் கதையும் கொங்குக் கதையும் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு பிரிக்க முடியாது.

உரிமை விஷயத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கதை ஊர்ச் சொத்துதான். ஆனால் அதைத் தொகுத்து எழுதியவரின் நடை அவருடையது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அந்த எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து எழுதிய கி.ராஜநாராயணன் 2021-இல் மறைந்தார். அவர் எழுத்தை அனுமதி இல்லாமல் 2081 முடியும்வரை தொட முடியாது. 1868-இல் மேரி ஃபிரேர் வெளியிட்ட தக்காணக் கதைத் தொகுப்புக்கு அந்தத் தடை இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் போன்ற தளங்களில் யாரும் எடுத்தாளலாம் என்ற திறந்த உரிமத்தோடு கிடைப்பவையும் உதவும், எழுதியவர், வரைந்தவர் பேரை மறக்காமல் போட்டால்.

ஒலிப்பதிவில் ஸ்டுடியோ சுத்தம் வேண்டாம். கேட்கிற பிள்ளை "உம்" கொட்டுவதும் கதையில் சேர்த்திதான். எடிட்டர் அதை இரைச்சல் என்று நினைத்து நீக்கிவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பேச்சுக்குத் தரத்தைக் கொஞ்சம் குறைத்து 32 கேபிபிஎஸ்-இல் சேமித்தால் பத்து நிமிடக் கதை 2.4 எம்பிதான் வரும். சிக்னல் இல்லாத ஊரிலும் இறக்கி வைத்துக் கேட்கலாம்.

கடைசியாக, லாகின். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தகவலைச் சேகரிக்கப் பெற்றோர் சம்மதத்தை உறுதிசெய்தாக வேண்டும். எந்தப் பிள்ளை எதைக் கேட்கிறது என்று பின்தொடர்வதும் பொதுவாகக் கூடாது. பேர், வயது, பள்ளி எதுவும் கேட்காமலே கதை திறக்கட்டும். ஒரு கதையை மொத்தம் எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை ஒன்று போதும்.