ஆர்7-ஆ, ஆர்8-ஆ? கடைக்குப் போகும் முன் பழைய பையைத் திறந்து பாருங்கள்

கேமரா பழுதுபார்க்கும் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழுதைவிட வேறொரு கேள்விதான் முக்கியம். பழைய பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு, கைபேசியில் இரண்டு மாடல்களின் ஒப்பீட்டுப் பட்டியலைக் காட்டி, "இதுல எது சார் நல்லது?" என்பார்கள். அப்படி அடிக்கடி என் முன் வந்து நிற்கும் ஜோடி கேனானின் மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கேமராக்களான ஆர்7, ஆர்8. கேட்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் 2013-இல் வந்த 700டி, அல்லது அதன் அண்ணன் தம்பிகளில் ஒன்று.

அந்தப் பட்டியலை நான் பார்ப்பதில்லை. "பையைத் திறங்க, உள்ள என்னென்ன இருக்கு?" என்றுதான் கேட்பேன். ஆர்7, ஆர்8 இரண்டுமே நல்ல கேமராக்கள். அறிமுகமானபோது ஒரே விலைத் தட்டில் இருந்தவை. உங்களுக்கு எது என்பது அந்தப் பையில் உள்ள லென்ஸ்களிலும், இத்தனை வருடம் நீங்கள் எடுத்துச் சேர்த்த படங்களிலும்தான் இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. "பழசுல படம் ஷார்ப்பா வரல" என்பதுதான் மாற்றுவதற்குப் பலரும் சொல்லும் முதல் காரணம். டிஎஸ்எல்ஆரில், அதாவது 700டி போல உள்ளே ஆடி வைத்த கேமராவில், வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸைத் தீர்மானிப்பது சென்சார் அல்ல, அந்த ஆடிக்குக் கீழே தனியாக இருக்கும் ஒரு ஃபோகஸ் உணரி. லென்ஸிலிருந்து அந்த உணரிக்கும் சென்சாருக்கும் ஒளி போகும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். கேமரா எப்போதோ கீழே விழுந்தோ, லென்ஸும் பாடியும் ஒத்துப்போகாமலோ அது இம்மி பிசகினால், கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் விழும். லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) எடுக்கும்போது சென்சாரே ஃபோகஸைப் பார்த்துக்கொள்வதால் இந்தச் சிக்கல் வராது.

ஆகவே முக்காலியில் கேமராவை வைத்து, ஒரு செய்தித்தாளைச் சாய்வாக நிறுத்தி, லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து (எஃப் எண் எவ்வளவு சிறிதோ, துளை அவ்வளவு பெரிது), ஒரே எழுத்தைக் குறிவைத்து இரண்டு படம் எடுங்கள். ஒன்று வியூஃபைண்டரில், ஒன்று லைவ் வியூவில். லைவ் வியூ படம் மட்டும் தெளிவாக இருந்தால் உங்களுக்குத் தேவை ஃபோகஸ் அளவுதிருத்தம். 70டி போன்ற மாடல்களில் அதற்கு மெனுவிலேயே வழி உண்டு. 700டி-யில் இல்லை, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். இரண்டு படமும் மங்கல் என்றால் லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் மாதிரி பரவியிருந்தால் பூஞ்சை. அந்த லென்ஸை எவ்வளவு புதிய கேமராவில் மாட்டினாலும் படம் மங்கலாகத்தான் வரும். பாடியை மாற்றிவிட்டு அதே பூஞ்சை லென்ஸோடு திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

சரி, பழைய கேமரா ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போதவில்லை. இப்போது பைக்கு வருவோம்.

வழக்கமாக உள்ளே இருப்பவை மூன்று: கேமராவோடு வந்த 18-55, தூரத்துக்கு ஒரு 55-250, அப்புறம் யாரோ சொல்லி வாங்கிய 50 மி.மீ. எஃப்/1.8. முதல் இரண்டும் ஈஎஃப்-எஸ் வகை, அதாவது சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்காகவே செய்தவை. 50 மட்டும் ஈஎஃப் வகை, பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள முழுச் சட்டகச் சென்சாரையும் நிரப்பும்.

1987-இலிருந்து இருந்த ஈஎஃப் மவுண்டை விட்டு 2018-இல் கேனான் ஆர்எஃப் மவுண்டுக்கு (லென்ஸ் மாட்டும் வளையத்துக்கு) மாறியது. பழைய மவுண்டில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ. தூரம், புதியதில் 20. இடையில் விழும் 24 மி.மீ. இடைவெளியை நிரப்புவதுதான் அடாப்டரின் வேலை. அதற்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது என்பதால் படத்தின் தரம் குறையாது. ஆட்டோஃபோகஸும் லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பும் அப்படியே வேலை செய்யும். இதை நம்பி, "பழைய லென்ஸெல்லாம் ஆர்8-லயும் போடலாம்னு கடையில சொன்னாங்க" என்று வருவார்கள். கடைக்காரர் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

ஆர்8 முழுச் சட்டகக் கேமரா, 24.2 மெகாபிக்சல். அதில் ஈஎஃப்-எஸ் லென்ஸைப் போட்டதும் கேமரா தானாகவே சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது சுமார் 9 மெகாபிக்சல். உங்கள் 700டி 18 மெகாபிக்சல் தந்துகொண்டிருந்தது! அதாவது புதிய கேமரா வாங்கி, பழைய 55-250-ஐ மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனால், கையில் வருவது பழையதில் பாதி அளவுள்ள படம். சில வெளி நிறுவன க்ராப் லென்ஸ்களை (சிறிய சென்சாருக்கானவற்றை) கேமராவால் அடையாளம் காண முடியாமல் போய், படத்தின் மூலைகள் கறுப்பாக வருவதும் உண்டு. அப்போது மெனுவில் போய் நாமே க்ராப்பை அமைக்க வேண்டும்.

ஆர்7-இன் சென்சார் ஏபிஎஸ்-சி என்பதால் அதே லென்ஸ்கள் அதில் முழுச் சென்சாரையும் பயன்படுத்தும், 32.5 மெகாபிக்சல் கிடைக்கும். ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. அவ்வளவு பிக்சல்களை அந்தச் சின்ன இடத்தில் அடுக்கியிருப்பது, முழுச் சட்டகத்தில் 83 மெகாபிக்சல் சென்சார் செய்தால் வரும் அடர்த்திக்குச் சமம். பழைய 18-55-இன் ஓரங்கள் மென்மையாக இருப்பதை 700டி மறைத்து வைத்திருந்தது, ஆர்7 காட்டிக்கொடுத்துவிடும். படத்தை நூறு சதவிகிதத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "புதுக் கேமராவில கோளாறு" என்று கொண்டுவருவார்கள். கோளாறு ஒன்றும் இருக்காது.

மெகாபிக்சல் பற்றி இன்னொரு வார்த்தை, அதோடு விட்டுவிடுகிறேன். 18-லிருந்து 24-க்குப் போவது பெரிய தாவலாகத் தோன்றும். ஆனால் அகலவாக்கில் 5184 புள்ளிகள் 6000 ஆகின்றன, சுமார் 16 சதவிகிதம்தான் கூடுகிறது. ஏ3 தாளில் நல்ல தரத்தில் அச்சிட 18 மெகாபிக்சல் போதும். மெகாபிக்சலுக்காக மட்டும் கேமரா மாற்றாதீர்கள்.

அடுத்தது உங்கள் படங்கள். படங்களை நிர்வகிக்கும் மென்பொருள் எதுவாக இருந்தாலும், எடுத்த படங்களைக் குவியத்தூரம் (லென்ஸின் மி.மீ. எண்), ஐஎஸ்ஓ (வெளிச்சம் குறையக் குறைய ஏற்றும் ஒளி உணர்திறன் எண்) என்று பிரித்துக் காட்டும் வசதி இருக்கும். கடந்த ஓரிரு வருடப் படங்களில் உங்களுக்கே பிடித்தவற்றை மட்டும் எடுத்து அப்படிப் பிரித்துப் பாருங்கள். இதைச் செய்து பார்க்கிறவர்கள் பலருக்கு அதிர்ச்சி காத்திருக்கும். பறவைப் படம்தான் என் உயிர் என்பவரின் நல்ல படங்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள் குழந்தைகளை எடுத்தவையாக இருக்கும்.

படங்கள் 250 மி.மீ. முனையிலேயே குவிந்திருந்து, அதிலும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தால், பேச்சே வேண்டாம், ஆர்7. அதே லென்ஸில் தூரத்துப் பொருளை இன்னும் நெருக்கமாகக் காட்டுவதால், பறவைகளுக்கும் விளையாட்டுக்கும் அந்தச் சிறிய சென்சார் ஒரு வரம். 700டி-யின் 9 ஃபோகஸ் புள்ளிகளோடு மல்லுக்கட்டியவருக்கு, பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துத் தொடரும் ஆட்டோஃபோகஸ் வேறு உலகம். இந்த ஆட்டோஃபோகஸ் ஆர்8-லும் உண்டு என்பதால் அதை வைத்து இரண்டுக்கும் இடையே முடிவெடுக்க முடியாது.

குவியத்தூரம் சின்னதாகவும் ஐஎஸ்ஓ 3200, 6400 என்றும் இருந்தால் கதை மாறுகிறது. முழுச் சட்டகச் சென்சாரின் பரப்பு ஏபிஎஸ்-சி-யைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஒரே துளை, ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்தால் அது சேர்க்கும் ஒளி சுமார் ஒன்றேகால் ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). மங்கிய வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இதற்காகத்தான் ஆர்8 வாங்குகிறோம்.

ஆனால் "ஒரே துளை" என்று சொன்னேன் அல்லவா, சிக்கலே அங்கேதான். ஆர்8-ஓடு சேர்த்து விற்கப்படும் சிறிய லென்ஸ் 24-50 மி.மீ., எஃப்/4.5-6.3. ஆர்7-க்கோ 2024-இல் சிக்மாவின் 18-50 எஃப்/2.8 ஆர்எஃப் மவுண்டில் வந்துவிட்டது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். அகல முனையில் 4.5-க்கும் 2.8-க்கும் சுமார் ஒன்றேகால் ஸ்டாப் வித்தியாசம். சென்சாரில் ஆர்8 பெற்ற லாபம் அங்கேயே சரியாகப் போய்விட்டது. நீள முனையில் 6.3-க்கும் 2.8-க்கும் இரண்டு ஸ்டாப்புக்கு மேல், அங்கே ஆர்7 ஒரு ஸ்டாப் முன்னாலேயே நிற்கிறது. பெரிய சென்சாருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதன் முன்னால் இருட்டு லென்ஸை மாட்டினால் இதுதான் நடக்கும். ஆர்8 வாங்குகிறவர் பெரிய துளையுள்ள ஒரு ப்ரைம் (ஜூம் இல்லாத) லென்ஸாவது சேர்த்து வாங்கத் தயாராக இருக்க வேண்டும். பையில் இருக்கும் அந்த 50 எஃப்/1.8 இந்த இடத்தில் கைகொடுக்கும். 700டி-யில் 80 மி.மீ. போல நெருக்கமாகத் தெரிந்த அது, ஆர்8-இல் அசல் 50 ஆக விரியும்.

கூடவே ஒன்று. ஆர்7-இல் சென்சாரே அசைந்து கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இருக்கிறது, ஆர்8-இல் இல்லை. 50 எஃப்/1.8-லும் அதிர்வுத் தடுப்பு கிடையாது. ஆக, இரவில் அசையாத பொருளைக் கையில் பிடித்து எடுப்பதில் ஆர்7 ஆர்8-ஐ முந்தக்கூட வாய்ப்புண்டு. ஓடும் குழந்தையை எடுக்கும்போது இந்த வசதி உதவாது. அது தடுப்பது நம் கையின் ஆட்டத்தைத்தான், குழந்தையின் ஓட்டத்தை அல்ல.

பட்டியலில் சின்ன எழுத்தில் போய்விடும் சில விஷயங்களும் என் மேசைக்கு வந்து சேர்கின்றன. ஆர்8-இல் முழுமையான மெக்கானிக்கல் ஷட்டர் இல்லை. முதல் திரை மின்னணு, இரண்டாவது மட்டும் நிஜத் திரை. அந்த முறையில் விநாடிக்கு 6 படம்தான். விளம்பரத்தில் சொல்லும் 40 முழு மின்னணு ஷட்டரில் மட்டும் கிடைப்பது. ஆர்7-க்கு மெக்கானிக்கலில் 15, மின்னணுவில் 30. மின்னணு ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிக்கும். ஆர்7 ஒரு முறை முழுதாகப் படித்து முடிக்க ஆர்8-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்வதால், வேகமாக அடிக்கும் சிறகும் சுழலும் மட்டையும் அதில் வளைந்து தெரியும். எல்இடி விளக்குக்குக் கீழே மின்னணு ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக வரிகள் விழலாம். "சென்சார் போச்சு" என்று பதறிக்கொண்டு வருவார்கள். ஷட்டர் முறையை மாற்றி ஒரு படம் எடுத்துக் காட்டினால் முகம் தெளிந்துவிடும். இரண்டு கேமராவிலும் முழு மின்னணு ஷட்டரில் ஃபிளாஷ் எரியாது. அதையும் பழுது என்று நினைத்துக் கொண்டுவருகிறார்கள்.

மெமரி கார்டு இடம் ஆர்7-இல் இரண்டு, ஆர்8-இல் ஒன்று. கல்யாணம் போல மறுபடி எடுக்க முடியாத நிகழ்ச்சிகளைக் காசு வாங்கிக்கொண்டு எடுப்பவர் என்றால், என் கருத்தில் இந்த ஒரு வரியே முடிவைச் சொல்லிவிடுகிறது. பேட்டரியிலும் அதே கதை: ஆர்8-இன் எல்பி-ஈ17 1040 மில்லியாம்பியர் மணி, ஆர்7-இன் எல்பி-ஈ6என்ஹெச் 2130. 700டி-யின் பேட்டரி இரண்டிலும் பொருந்தாது. 60டி, 70டி, 80டி வைத்திருப்பவர்களின் பழைய எல்பி-ஈ6 பேட்டரி ஆர்7-இல் போகும். ஆர்8-க்கு உபரியாக ஒன்றிரண்டு பேட்டரி வாங்கும் செலவைச் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். பதிலுக்கு ஆர்8 சுமார் 460 கிராம்தான், ஆர்7 610-ஐத் தாண்டும். கழுத்து வலிக்காரர்கள் இதை என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

பழைய படங்களைப் பிரித்துப் பார்த்ததில் எல்லாம் பகல் வெளிச்சம், ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே, 18-55-இலேயே திருப்தி என்று தெரிந்தால் இரண்டுமே வேண்டாம். சென்சாரைச் சுத்தம் செய்து, ஃபோகஸைச் சரிபார்த்து, பையில் 50 எஃப்/1.8 இல்லாவிட்டால் அதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். புதுக் கேமரா ஆசை இருந்தால் வாங்குங்கள், அது தப்பில்லை. தேவை என்று மட்டும் உங்களுக்கு நீங்களே கணக்குக் காட்ட வேண்டாம்.

வாங்குவதென்று முடிவாகிவிட்டால், பழைய லென்ஸ்களையும் ஒரு மெமரி கார்டையும் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். அடாப்டர் போட்டு உங்கள் 55-250-ஐ இரண்டு பாடியிலும் மாட்டி, ரா வடிவில் (பதப்படுத்தாத மூலக் கோப்பாக) நாலு படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் கணினியிலேயே திறந்து பாருங்கள். 700டி எழுதுவது சிஆர்2 கோப்பு, புதியவை எழுதுவது சிஆர்3. பலர் ஒருமுறை காசு கொடுத்து வாங்கி இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் லைட்ரூம் 6 என்ற படத் திருத்த மென்பொருளுக்கு 2017-க்குப் பிறகு புதுப்பிப்பு வரவில்லை, சிஆர்3 வந்ததோ 2018-இல். அதில் அந்தக் கோப்பு திறக்காது. கேனான் இலவசமாகத் தரும் மென்பொருளில் திறக்கும். அதுவும் உங்கள் கணினியில் தவழ்கிறது என்றால், கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைக் கணினிக்கு எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தில் எந்த பாடி வருகிறது என்று பாருங்கள்.