அழுகும் உடல் கல்லாவது எப்படி?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். மாமனார் காலத்திலிருந்து பூஜையில் இருக்கும் சாளக்கிராமம் கடலில் வாழ்ந்த ஓர் உயிரின் எச்சம் என்று பள்ளியில் படிக்கும் மகள் சொல்கிறாள், அது உண்மையா என்பது முதல் கேள்வி. ஓடு கல்லாவது புரிகிறது, ஆனால் எலும்பும் ஓடும் இல்லாத ஆக்டோபஸ் கூடக் கல்லாகக் கிடைத்திருக்கிறதே, அது அழுகாமல் தப்பியது எப்படி என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லிவிடலாம். மகள் சொல்வது சரி. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமங்களில் பல, இமயமலை எழுவதற்கு முன் அங்கே பரந்திருந்த டெத்திஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினத்தின் புதைபடிவங்கள். அது கணவாய்க்கு உறவு. சக்கரம் என்று நாம் வணங்கும் வரிகள் அதன் ஓட்டின் சுருள். இதை அறிந்துகொள்வதால் பூஜைக்கு எந்தக் குறையும் வராது என்றே நான் நினைக்கிறேன். அம்மோனைட்டைப் பார்க்க நேபாளம் வரை போகவும் வேண்டாம். கொள்ளிடத்தைக் கடந்து வடமேற்கே சென்றால், பெரம்பலூர் மாவட்டத்துக் காரையிலும் அரியலூரைச் சுற்றியும், சுமார் 7 முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடல் படிவுகளில் அவை கிடைக்கின்றன.

இரண்டாவது கேள்வியில் ஒரு சிறு திருத்தம் வேண்டும். அந்த ஆக்டோபஸ் அழுகாமல் தப்பவில்லை. அழுகியது, அழுகியதால்தான் கல்லானது.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் நீர் வடிந்த நேரத்தில் இறங்கி நடந்தவர்களுக்கு அந்தச் சேறு நன்றாகத் தெரியும். கால் முழங்கால் வரை புதையும். மேலே விரற்கடை அளவுக்குப் பழுப்பு, அதற்குக் கீழே கருமை. காலை உருவியவுடன் அழுகிய முட்டையின் நாற்றம் எழும். மேல் அடுக்கில் உள்ள பாக்டீரியாக்கள், விழுந்த இலையையும் செத்த மீனையும் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அதற்குக் கீழே வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி, ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. நாற்றம் அதனுடையது. அந்த வாயு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடாகிறது, கருமை அதனுடையது. கருஞ்சேற்றை ஒரு கை அள்ளி வெளியே வைத்தால், காற்றுப் பட்டுச் சற்று நேரத்தில் பழுப்பேறிவிடும்.

இப்போது இதே சேறு, அலையும் ஓட்டமும் இல்லாத ஆழ்கடலின் அடியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். செத்த உடல் ஒன்று அதில் விழுந்து, மெல்லிய வண்டல் மூடிக்கொள்கிறது. ஆக்சிஜன் இல்லாததால் பிணம் தின்னும் நண்டும் புழுவும் அங்கே வருவதில்லை. பாக்டீரியாக்கள் மட்டுமே வேலை செய்கின்றன. அவை சதையைச் சிதைக்கும்போது, சதையிலேயே இருந்த பாஸ்பேட் விடுபடுகிறது. கூடவே உண்டாகும் அமிலங்களால் உடலுக்குள் புளிப்புத் தன்மை கூடுவதால், சுண்ணாம்புப் படிகம் அங்கே உருவாக முடியாமல், கால்சியம் பாஸ்பேட் கனிமமான அப்படைட் முந்திக்கொள்கிறது. டிஏபி உரத்துக்கு மூலப்பொருளான பாஸ்பேட் பாறையில் இருப்பதும் இந்தக் கனிம வகைதான். அது மிக நுண்ணிய துகள்களாகத் தசைநார்களின் மேலும் இடையிலும் படிந்து, நார் கரைவதற்குள் அதன் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது.

இதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? 1993இல் டெரெக் பிரிக்ஸ், அமாண்டா கியர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. அவர்கள் இறால்களை அடைத்த கலங்களில் அழுகவிட்டார்கள். சில வாரங்களிலேயே தசை கனிமமாக மாறத் தொடங்கிவிட்டது. கல்லாவதற்குப் பல லட்சம் ஆண்டுகள் வேண்டும் என்று படித்து வளர்ந்த எனக்கு, இதை முதலில் வாசித்தபோது உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

உடலுக்கு வெளியே நடப்பது வேறு. சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் பைகார்பனேட்டையும் வெளியிடுவதால், சற்றுத் தள்ளிச் சேற்றுக்குள் சுண்ணாம்பு படிந்து, பிணத்தைச் சுற்றி ஓர் உருண்டை இறுகுகிறது. பிற்பாடு மேலே குவியும் மண்ணின் பாரத்தில் சேறு முழுவதும் தட்டையாக நசுங்கும்போது, அந்த உருண்டை மட்டும் நசுங்குவதில்லை. வெட்டு முகத்தில் நின்று பார்த்தால், களிமண் அடுக்குகள் அதன் மேலும் கீழும் வளைந்து செல்வது கண்ணுக்கே தெரியும்.

பிரான்சில் லா வூல்ட் என்ற ஊரில் கிடைத்த, ஏறத்தாழ 16.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட உயிர்கள் இப்படித்தான் நமக்குக் கிடைத்தன. அங்கே ஆக்டோபஸ் இருக்கிறது. கண்ணின் நுண்வில்லைகள் வரை தெரியும் கணுக்காலி இருக்கிறது. இன்றைய வாம்பயர் கணவாயின் பழைய உறவான வாம்பைரோநாசா இருக்கிறது. இன்றைய உயிர், ஆக்சிஜன் குறைந்த ஆழத்தில், மேலிருந்து உதிரும் துகள்களைத் தின்று வாழும் சாது. ஆனால் 2022இல் வெளியான ஆய்வில், கல்லை உடைக்காமல் எக்ஸ் கதிர்களால் ஊடுருவிப் பார்த்தபோது, பழைய உயிரின் கைகளில் இரையைப் பற்றுவதற்கேற்ற உறிஞ்சிகள் தெரிந்தன. அது வேட்டையாடியிருக்க வேண்டும்.

நம் ஊரில் இத்தகைய உருண்டைகளுக்கு என்ன நேர்கிறது? 2020இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டை என்ற வதந்தி மாநிலம் முழுவதும் பரவியது. அவை அம்மோனைட்டோடு தொடர்புடைய கடல் படிவுகள் என்று ஆய்வாளர்கள் விளக்கிய செய்தி அந்த அளவுக்குப் பரவவில்லை. வதந்தியைவிட எனக்குக் கவலை தருவது, எடுத்தவர் எந்த அடுக்கில் எடுத்தார் என்பதைக் குறிக்காமலே வீட்டு அலமாரிக்குப் போய்விடும் கற்கள்தான். நிலவியல் படித்த இளைஞர் நால்வருக்கு ஐந்தாண்டு உதவித்தொகையும், ஊடுகதிர்க் கருவியில் சில மணி நேரமும் கொடுத்தால், காரை உருண்டைகளை முறையாகப் பார்க்கத் தொடங்கிவிடலாம். அரசு இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே கேட்கிறேன்.

அம்மோனைட் ஓடுகள் உலகெங்கும் கணக்கின்றிக் கிடைத்தாலும், அந்த ஓட்டுக்குள் இருந்த மெல்லுடல் மிக அரிதாகவே கிடைத்திருக்கிறது. காரை, ஊட்டத்தூர்ப் பகுதிக் களிமண்ணில் பாஸ்பேட் உருண்டைகள் ஏராளம். தசையைப் படியெடுக்கும் அதே கால்சியம் பாஸ்பேட்தான் அவற்றிலும் இருக்கிறது. அதனால்தான் அந்த மெல்லுடலை அங்கே தேடிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.