சேட்டு கடையைப் பார்த்து வீட்டை ஈடு வைக்காதீர்கள்

"அசாம்ல இருந்து வந்தவனே மாசம் இருபதாயிரம் ஊருக்கு அனுப்பறானுங்க, இவனுக்கு என்னங்க கேடு?"

இந்தக் கேள்வியைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. கடன் ஆலோசனைக்கு வரும் அப்பாக்களில் பாதிப் பேர் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைத்தான் கேட்கிறார்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். அசாம்காரனை விட்டால் ராஜஸ்தான் சேட்டு. "பத்து வருசம் முன்னாடி கையில ஒரு பெட்டியோட வந்தானுங்க, இன்னிக்கு மூணு கடை." வந்தவன் முன்னேறுகிறான், மண்ணின் மைந்தன் சோம்பேறி. தீர்ப்பு தயார். அந்தத் தீர்ப்போடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை. அதை நம்பி வீட்டு ஆதாரத்தை (பத்திரத்தை) கொண்டுபோய் ஈடு வைக்கிறார்கள்.

வங்கியில் கடன் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். இப்போது அதே பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் தாலுகாவில் நிதி ஆலோசனை சொல்கிறேன். சமீபத்தில் வந்த குடும்பத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. வீடும் 18 சென்ட் இடமும் ஈடு. கடன் 14 லட்சம். சேட்டு கடைக்கு நேர் எதிரே அதே மாதிரி எலெக்ட்ரிகல், பிளம்பிங் கடை. இரண்டே வருடத்தில் சர்ஃபாசி நோட்டீஸ், அதாவது ஈட்டுச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழி செய்யும் சட்டத்தின் நோட்டீஸ்.

பையன் ஸ்டாக் நோட்டைக் கொண்டு வந்திருந்தான். முத்து முத்தான கையெழுத்து. சோம்பேறி எழுதுகிற நோட்டு இல்லை அது. புரட்டிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிட்டது. பிவிசி பைப், எல்போ, ஸ்விட்ச் எல்லாம் தினமும் விற்றிருக்கிறது, லாபம் சொற்பம். குளியலறைக் குழாய், ஷவர் வகையறாவில் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் முடங்கிக் கிடக்கிறது. எல்லாம் கோவை மொத்தக் கடையில் ரொக்கம் கொடுத்து எடுத்த சரக்கு. சரக்கு கடைக்கு வந்து இறங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிட்டது. எதிர்க் கடைக்காரர் அதே குழாயைச் சொந்தக்காரரிடம் இரண்டு மூன்று மாதத் தவணைக்கு எடுக்கிறார். விற்காவிட்டால் வேறு ஊரில் இருக்கும் மச்சான் கடைக்கு அனுப்பிவிடுகிறார். சொந்தக் கடை போடும் முன் மாமன் கடையில் பல வருடம் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று எந்த மாடல் நகரும், எது தூங்கும் என்று கற்றிருக்கிறார். அந்தப் படிப்புக்கு அவர் கட்டிய ஃபீஸ் இளமையின் பாதி. நம் பையனுக்கு அந்த மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. எதிர்க் கடையில் மூன்று மாதம் கூட நின்று பார்க்கவில்லை. இரண்டு கடைக்கும் போர்டு ஒரே மாதிரி இருந்தது, அவ்வளவுதான் ஒற்றுமை.

(முத்ரா என்கிற அரசின் சிறுதொழில் கடன் திட்டத்தில் 10 லட்சம் வரை வங்கி ஈடு கேட்கக் கூடாது. வீட்டைத் தொடாமல் சிறியதாக ஆரம்பித்திருக்கலாம். இதை யாரும் முன்னாலேயே வந்து கேட்பதில்லை. நோட்டீஸ் வந்த பிறகுதான் வருகிறார்கள்.)

சரி, அந்த அசாம்காரர் கணக்குக்கு வருவோம். ரிசர்வ் வங்கி கையேட்டின்படி 2022-23இல் கேரளத்துக் கிராமப்புறங்களில் கட்டுமானத் தொழிலாளிக்குச் சராசரி நாள் கூலி சுமார் 852 ரூபாய். நாட்டுச் சராசரி 393தான். அவர் ஏன் இத்தனை தூரம் ரயிலேறி வருகிறார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஆனால் அனுப்புகிற தொகையை மட்டும் பார்த்துவிட்டு அவரை 'முன்னேறியவர்' என்கிறீர்களே, எப்படி வாழ்கிறார் என்று பார்த்தீர்களா? ஒரு ஷீட் அறையில் ஆறு பேர். வாடகை ஆறாகப் பிரிகிறது. அரிசி, உருளைக்கிழங்கு, பருப்பு. அம்மா அப்பா, மனைவி, பிள்ளை எல்லாரும் நம் ஊரைவிட விலைவாசி குறைந்த இடத்தில். இங்கே அவருக்கு மொய் கிடையாது, கோயில் வரி கிடையாது, தங்கச்சி நகைக்கடன் கிடையாது, பைக் தவணை கிடையாது. உங்கள் மகன் அதே கூலி வாங்கினால் சாயங்காலம் அப்பா மருந்து, குழு லோன் தவணை, கரண்ட் பில் என்று வரிசையில் நிற்கும். ஒருவர் எவ்வளவு அனுப்புகிறார் என்பது ஒரு கணக்கு, ஒரு குடும்பத்தின் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது இன்னொரு கணக்கு. இதையும் அதையும் ஒரே தாளில் எழுதி வந்தால் நான் கடன் பிரிவில் இருந்தபோது ஃபைலைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இதைவிட முக்கியமான சங்கதி, நம் கண்ணில் படுகிறவர் யார் என்பது. கன்னியாகுமரி–திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் பாலக்காடு ஜங்ஷன் வழியாகத்தான் போகிறது. அசாமில் ஒரு கிராமத்திலிருந்து அதில் ஏறியவர் யார்? ஊரிலேயே திடகாத்திரமானவர், துணிந்தவர், வண்டிச் செலவுக்காவது கடன் புரட்ட முடிந்தவர். மற்றவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். வந்தவர்களிலும் சாரத்திலிருந்து விழுந்தவர், மஞ்சள் காமாலை கண்டவர், மேஸ்திரியிடம் கூலி பறிகொடுத்தவர் எல்லாரும் அதே வண்டியில் திரும்பிப் போயாகிவிட்டது. மிச்சம் இருப்பவரைக் காட்டி "பெங்காலிங்க எல்லாம் இப்படித்தான் உழைப்பானுங்க" என்கிறோம். (அசாமோ ஒடிசாவோ, நமக்கு எல்லாரும் பெங்காலிதான்.) பள்ளிக்கூடத்தில் கடைசி வரை தாக்குப்பிடித்த நாலு பிள்ளைகளின் மார்க்கைப் பக்கத்துப் பள்ளியின் மொத்த வகுப்போடு ஒப்பிடுகிற மாதிரி இது. வந்தவர்களில் தேறியவரை நம் ஊரின் மொத்த ஜனத்தோடு, நோயாளியும் கிழவரும் குடிகாரரும் சேர்ந்த ஜனத்தோடு, ஒப்பிட்டால் வந்தவர்தான் ஜெயிப்பார். எந்த ஊரிலும் ஜெயிப்பார்.

பொருளாதார அறிஞர்கள் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்து நாளாயிற்று. அமெரிக்காவில் பேரி சிஸ்விக் 1978இல் ஒரு ஆய்வு எழுதினார். குடியேறிய ஆண்கள் முதலில் குறைவாகச் சம்பாதித்தாலும் 10, 15 ஆண்டுகளில் உள்ளூர்க்காரரை எட்டிப் பிடித்துத் தாண்டிவிடுகிறார்கள் என்றார். 1985இல் ஜார்ஜ் போர்ஹாஸ் குறுக்கே வந்தார். ஒரே ஒரு சென்சஸை வைத்துக்கொண்டு, நேற்று வந்தவரையும் இருபது வருடம் முன்பு வந்தவரையும் பக்கத்தில் நிறுத்தி 'வளர்ச்சி' என்று சொல்லக் கூடாது, அவர்கள் வேறு வேறு தகுதியுள்ள கூட்டமாக இருக்கலாம் என்பது அவர் வாதம். பிறகு 2007இல் டேரன் லுபோட்ஸ்கி சமூகப் பாதுகாப்புப் பதிவுகளை எடுத்து, ஒரே ஆளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார். வருமானம் குறைந்தவர்கள் அதிகமாக ஊர் திரும்பிவிடுவதால், தங்கியவர்களின் முன்னேற்றம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. நம் ஊர்க்காரருக்கு இது புதிதாகவா இருக்கும்? கல்ஃப் போய் மாளிகை கட்டியவர் வீட்டைத் தெருவே பார்க்கிறது. ஏஜெண்டுக்குக் கொடுத்த காசும் போய், இடுப்பும் போய்த் திரும்பியவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று யார் கேட்டார்கள்?

என்னைக் கேட்டால் எப்போது வந்தார்கள் என்பதைவிட எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். மூணாறு பக்கம் வேலை பார்த்தபோது இது எனக்குத் தினமும் கண்முன் நின்றது. கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து மன்றோ என்ற வெள்ளைக்காரர் குத்தகைக்கு எடுத்தது 1877இல். அதன் பின்னால் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகள் மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து நம் ஆட்களை மலையேற்றினார்கள். 1954-55இல் பட்டம் தாணுப் பிள்ளை அரசு மலைக் குடியேற்றத் திட்டம் போட்டு, கீழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஐந்து ஐந்து ஏக்கர் கொடுத்தது. கல்லாறு பக்கம் இன்றைக்கும் பட்டம் காலனி என்ற பெயரே இருக்கிறது. பின்னால் வந்தவருக்கு நிலம். முன்னால் வந்தவருக்குக் கம்பெனி லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு அறை. ஏலக்காய் விலை ஏறினால் ஒருவருக்குச் சொத்து ஏறும். தேயிலை விலை ஏறினால் மற்றவருக்குப் போனஸ் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கும். 2015இல் தேயிலைத் தோட்டப் பெண்கள் பொம்பிளை ஒருமை என்று திரண்டு தெருவில் உட்கார்ந்தபோது அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பிறகு 301. 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்களே, அதுவும் லயம்தான்.

அந்தத் தொழிலாளி கடனுக்கு வந்தால் ஈடு வைக்க என்ன இருக்கும்? மூன்று நான்கு தலைமுறை உழைப்பு இருக்கும்; ஆதாரமோ கரம் (நில வரி) கட்டிய ரசீதோ இருக்காது. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும், அதனால் கிராஜுவிட்டி பணம் தேனியிலோ தென்காசியிலோ இரண்டு சென்ட் வாங்கவே சரியாகிவிடும். ஏலக்காய்த் தோட்டக்காரர் மகன் அதே வட்டியில் நிலத்தைக் காட்டிக் கடன் வாங்கி பெங்களூரில் படிப்பான். பிறகு யாராவது வந்து, "தோட்டத் தமிழர்கள் ஏன் சார் முன்னேறல, படிப்பில அக்கறை இல்லியோ?" என்பார். நல்ல வார்த்தை வாயில் வராது எனக்கு.

ரத்தத்தில் இருக்கிறது என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதி புனலூர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட வைக்கப்பட்டார்கள். 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றி, படித்த ஆசியர்களுக்குக் கதவைத் திறந்தது. அந்த வழியில் போன இந்தியர்கள் இன்று அந்த நாட்டிலேயே அதிக வருமானக் குடும்பங்களில் சேர்த்தி. இரண்டு கூட்டத்திலும் தமிழர் உண்டு. சோம்பல் எந்தப் பக்கம், சுறுசுறுப்பு எந்தப் பக்கம் என்று பிரியுங்கள் பார்ப்போம்.

அட்டப்பாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நம்மவருக்குக் கசக்கும். 1951இல் அங்கே பத்தில் ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர் என்ற ஆதிவாசிகள். இன்று அவர்கள் பாதிகூட இல்லை. கோவைப் பக்கமிருந்து போன தமிழரும் தெற்கிலிருந்து போன மலையாளிகளும் தோட்டம் போட்டார்கள். "நாங்க உழைச்சோம், அவங்க குடிச்சே தீர்த்தாங்க" என்று என் முன்னால் சொன்னவர்கள் உண்டு. பறிபோன ஆதிவாசி நிலத்தைத் திருப்பிக் கொடுக்க கேரளம் 1975லேயே சட்டம் போட்டது. அதற்கு விதிமுறை எழுத 1986 ஆயிற்று. அந்தத் தோட்டங்களின் பத்திரம் எப்படி வந்தது என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். ஒருவர் சொத்தே இன்னொருவர் இழப்பாக இருக்கிற இடத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்து உழைப்புக்கு மார்க் போடக் கூடாது.

வெளியாட்கள் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறவர்களுக்கு நீளமாகப் பதில் வேண்டாம். நம் வயலில் நாற்று நட ஆள் தேடி அலைந்தது யார்?

இனி செய்ய வேண்டியது. சேட்டு மாதிரி கடை வேண்டுமா, முதலில் மகனை அதே தொழிலில் ஒரு வருடம் சம்பளத்துக்கு நிற்கச் சொல்லுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. யாரைக் காட்டி ஆசைப்படுகிறீர்களோ அவர் மாதிரியே ஆரம்பித்துத் தோற்ற இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள், தயவுசெய்து. சரக்கு தவணைக்குக் கிடைக்குமா என்று மொத்த வியாபாரியிடம் கேட்டுவிட்டு வங்கிக்கு வாருங்கள். குடியிருக்கும் வீட்டை வியாபாரக் கடனுக்கு ஈடு வைக்காதீர்கள். வெளிநாடு அனுப்பத் துடிப்பவர்கள், ஏஜெண்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. அப்புறம் மகனை அடுத்தவர் முன்னால் வைத்து ஒப்பிட்டுப் பேசாதீர்கள். கடன் வாங்கக் கூடாத நேரத்தில் அவன் கடன் வாங்குவது பல சமயம் அந்தப் பேச்சால்தான்.

ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு: தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக் கடனாகிவிடும், அதற்கு முன்பே வங்கிக்குப் போய்த் தவணையை மாற்றி அமைக்கக் கேளுங்கள். சர்ஃபாசி நோட்டீஸ் வந்துவிட்டால் 60 நாள் அவகாசம் இருக்கிறது. நோட்டீசைப் பீரோவில் பூட்டி வைக்க வேண்டாம். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். விவசாய நிலத்தின் மேல் அந்தச் சட்டம் பாயாது, ஆனால் வருவாய் மீட்பு என்று தாலுகா ஆபீஸ் வழியாக ஜப்தி வரலாம், அதனால் அசந்துவிடாதீர்கள். வரும்போது ஆதாரத்தின் நகல், இந்த வருடக் கரம் ரசீது, கடன் ஒப்பந்தம், ஆறு மாதக் கணக்கு விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். ஸ்டாக் நோட்டு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.