டிவேல்யுவேஷன்: நாணய மதிப்புக் குறைப்பு

டாலர் விலை ஏறும்போதெல்லாம் 'மதிப்புக் குறைப்பு', 'மதிப்பிழப்பு', 'சரிவு' என்று ஏதோ ஒரு சொல் தலைப்புக்கு வந்துவிடுகிறது. எதைப் போட்டாலும் பொருள் ஒன்றுதான் என்ற எண்ணமே காரணம். அது தவறு. அரசோ மைய வங்கியோ தான் நிலையாகப் பிடித்து வைத்திருக்கும் மாற்று விகிதத்தை, அதாவது டாலருக்கு எதிரான தன் நாணயத்தின் விலையை, ஆணையிட்டுக் கீழே கொண்டுவந்தால் அது டிவேல்யுவேஷன். சந்தையில் டாலருக்குத் தேவை மிகுந்து, வரத்து சுருங்கி, ரூபாய் தானாகவே இறங்கினால் அது டிப்ரிசியேஷன்.

லத்தீனில் 'வலேரே' என்றால் வலிமையோடு இருத்தல், மதிப்புப் பெறுதல். 'வேல்யூ' அங்கிருந்து வந்தது. டிப்ரிசியேஷனின் வேர் 'ப்ரேடியும்', அதாவது விலை. இரண்டிலும் முன்னால் நிற்கும் 'டி' கீழ்நோக்கிய போக்கைக் காட்டுகிறது. இறக்கியவர் ஒருவர் உண்டா, தானாக இறங்கியதா என்பதை அந்தச் சொற்களின் அமைப்பு சொல்லாது. வழக்கத்தால் வந்த வேறுபாடு அது. தமிழில் சொல்லே அதைச் சொல்லிவிடும். இறங்கு – இறக்கு, உயர்வு – உயர்த்தல், குறைவு – குறைப்பு என்று தன்வினையும் பிறவினையும் நமக்குத் தனித்தனி. ஆகவே டிவேல்யுவேஷனுக்கு 'மதிப்புக் குறைப்பு' மிகப் பொருத்தம். டிப்ரிசியேஷனை 'மதிப்புக் குறைவு' என்றால் மரியாதைக் குறைவு போல ஒலிக்கும். 'மதிப்புச் சரிவு' நல்லது. பாடநூல்களில் வரும் 'மதிப்பிறக்கம்' இறங்கியதையும் குறிக்கும், இறக்கியதையும் குறிக்கும் என்பதால் அதை நான் தவிர்ப்பேன்.

இன்னும் இரண்டு சொற்களில் கவனம் வேண்டும். 'தேய்மானம்' கணக்குப் பதிவியலுக்கு உரியது: இயந்திரத்தின் மதிப்பை ஆண்டுதோறும் கழித்து எழுதுவது. ஆங்கிலத்தில் அதற்கும் டிப்ரிசியேஷன் என்றே பெயர் இருப்பதால், மொழிபெயர்ப்பில் 'ரூபாயின் தேய்மானம்' நுழைந்துவிடுகிறது. அடுத்தது 'பணமதிப்பிழப்பு'. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதிலிருந்து அந்தச் சொல் அந்த நடவடிக்கைக்கே உரியதாகிவிட்டது. மாற்று விகிதச் செய்தியில் அதைப் போட்டால் வாசகர் வேறொன்றை நினைத்துக்கொள்வார்.

இந்தியாவில் முழுப் பொருளில் மதிப்புக் குறைப்பு என்று சொல்லத்தக்கவற்றுள் ஒன்று 1966 ஜூன் 6 அன்று நடந்தது. 4.76 ரூபாயாக இருந்த டாலர் ஒரே அறிவிப்பில் 7.50 ரூபாயானது. எத்தனை விழுக்காடு என்று கேட்டால் பலர் தடுமாறும் இடம் இது. வேறுபாடு 2.74 ரூபாய். பழைய விலையான 4.76ஆல் வகுத்தால் 57.6% வரும், அது டாலரின் விலையேற்றம். புதிய விலையான 7.50ஆல் வகுத்தால் 36.5%; அதுதான் ரூபாயின் மதிப்புக் குறைப்பு. டாலர் விலை 200% கூட ஏறலாம், ரூபாயின் மதிப்போ 100%க்கு மேல் குறைய வழியில்லை. 'ரூபாய் 120% வீழ்ந்தது' என்று எங்காவது படித்தால் தவறான எண்ணால் வகுத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

அதே விகிதத்தில் கடனையும் பாருங்கள். 10 லட்சம் டாலர் கடனைத் தீர்க்க முதல் நாள் 47.6 லட்சம் ரூபாய் போதும். மறுநாள் 75 லட்சம் வேண்டும். ஏற்றுமதியாளருக்குக் கிடைக்கும் ஆதாயத்தை மட்டும் பேசுபவர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

மதிப்புக் குறைப்பு வரப்போகிறது என்ற பேச்சே அதை விரைவுபடுத்தும். இறக்குமதியாளர்கள் பின்னால் கட்ட வேண்டிய டாலரை இன்றே வாங்குவார்கள். ஏற்றுமதியாளர்கள் வர வேண்டிய டாலரை வெளிநாட்டிலேயே நிறுத்திவைப்பார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்கையும் பத்திரத்தையும் விற்றுக் கிளம்புவார்கள். மூன்றும் சேர்ந்து நாட்டின் டாலர் கையிருப்பைக் கரைக்கும். அதனால்தான் இந்த முடிவை அரசுகள் கடைசி நிமிடம்வரை மறைத்து வைக்கின்றன. 1991இல் ஜூலை 1, 3 என இரண்டு தவணையாகக் குறைத்தார்கள்; டாலர் ஏறத்தாழ 21 ரூபாயிலிருந்து 26க்குப் போனது. 1993 மார்ச்சில் மாற்று விகிதம் சந்தையிடம் விடப்பட்டது. அதற்குப் பின் இந்திய ரூபாய்க்கு நடப்பதெல்லாம் சரிவு அல்லது உயர்வுதான். ரிசர்வ் வங்கி டாலரை விற்று வேகத்தைத் தணிக்கிறது. விகிதத்தை ஆணையாக அறிவிப்பதில்லை.

இரண்டும் அடுத்தடுத்து நடந்ததை இலங்கையில் காணலாம். 2021 செப்டம்பர் முதல் டாலரை 200 ரூபாயை ஒட்டியே நிறுத்தி வைத்திருந்த மத்திய வங்கி, 2022 மார்ச் 7 அன்று 230 வரை போகலாம் என்று அறிவித்தது. அந்த வரம்பும் நிற்கவில்லை. மே மாதத்தில் டாலர் 350 ரூபாயைத் தாண்டியது. 230க்கு இறக்கியது மதிப்புக் குறைப்பு. அங்கிருந்து 350 வரை போனது மதிப்புச் சரிவு.