பழைய ஸ்போர்ட்ஸ் காரில் புது பாட்டு செட் மாட்டும் முன், டேஷ்போர்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

போன மாதம் கூரை திறக்கும் இரண்டு சீட் ரோட்ஸ்டர் ஒன்றை வேறொரு வண்டியில் ஏற்றிவந்து என் பட்டறையில் இறக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் கார். வாராவாரம் பேட்டரி படுத்துவிடுகிறது என்பது புகார். ஒரு பேட்டரி மாற்றியாயிற்று. ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிப் பார்த்தாயிற்று. "சமீபத்துல புதுசா ஏதாவது மாட்டினீங்களா?" என்று கேட்டேன். "செட் மட்டும்தாங்க மாத்தினேன். அது நல்லாத்தான் பாடுது" என்றார் உரிமையாளர்.

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளுக்கு நடுவில் மீட்டரை இணைத்து, காரைப் பூட்டி, அரை மணி நேரம் தொடாமல் விட்டேன். காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் உறங்கிய பிறகு வரும் அளவுதான் உண்மையான அளவு. மீட்டர் 340 மில்லி ஆம்பியர் காட்டியது. 50-க்குள் இருக்க வேண்டிய இடம் அது. 60 ஆம்பியர்-அவர் பேட்டரியை இந்தக் கசிவு நான்காவது நாளே பாதி காலி செய்துவிடும். தினமும் ஓடும் காராக இருந்தால் ஆல்டர்னேட்டர் அதை ஈடுகட்டியிருக்கும், யாருக்கும் தெரியவே தெரியாது. வாரம் முழுக்க உறை போட்டு நிறுத்தும் ஸ்போர்ட்ஸ் கார்தான் இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்கும். செட்டுக்குப் போகும் ஃபியூஸை உருவினேன். அளவு 18-க்கு இறங்கியது.

செட்டை வெளியே இழுத்துப் பார்த்தபோது மனசு கஷ்டப்பட்டது. கம்பெனி கப்ளரை, அதாவது வயர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து செருகும் பிளக்கை, வெட்டி எடுத்திருந்தார்கள். பதினைந்து இருபது வயர்களைப் பல்லால் உரித்தது போல உரித்து, கையால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். காருக்குள் ஏறும் சூட்டில் டேப்பின் பசை இளகி, சுற்று நழுவி, இரண்டு இடத்தில் செம்பு வெளியே தெரிந்தது. செட்டின் மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி, எப்போதும் 12 வோல்ட் இருக்கும் இடத்தில் கொடுத்திருந்தார்கள். மஞ்சள், நினைவுக்காக எப்போதும் மின்சாரம் வேண்டிய வயர். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் உயிர் பெற வேண்டிய வயர். இரண்டும் சேர்ந்ததால், திரை அணைந்திருந்தாலும் செட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் இரவும் பகலும் விழித்தே கிடந்தது.

அந்த செட்டை மாட்ட ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வெட்டிய கப்ளருக்குச் சரியான ஜோடி தேடி, ஒவ்வொரு வயரையும் உலோக முனையில் அழுத்திக் கிரிம்ப் செய்து, மேலே ஸ்லீவ் போட்டு முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

இதனால்தான் சொல்கிறேன். எந்த செட், எத்தனை இன்ச் திரை என்று விசாரிப்பதற்கு முன், உங்கள் காரின் கப்ளரை வெட்டாமல் வேலை நடக்குமா என்று விசாரியுங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் செட் போனால் இன்னொரு செட் கிடைக்கும். வெட்டுப்பட்ட ஒரிஜினல் வயரிங் திரும்பக் கிடைக்காது. பெரும்பாலான மாடல்களுக்கு, ஒரு பக்கம் காரின் கப்ளரோடும் மறு பக்கம் புது செட்டோடும் சேரும் அடாப்டர் வயரிங் தனியாகவே விற்கிறது. அதை வாங்கினாலும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருகுங்கள். சில ஐரோப்பியக் கார்களில் நிரந்தர 12 வோல்ட்டும் சாவி 12 வோல்ட்டும் இடம் மாறி இருக்கும். அப்படியே செருகினால் சாவியை எடுத்ததும் செட்டிங் எல்லாம் அழிந்துபோகும்.

அளவில் சிக்கல் குறைவு. டின் என்பது செட் நுழையும் துளையின் பொது அளவு. ஒற்றை டின் என்றால் 180-க்கு 50 மில்லிமீட்டர், இரட்டை டின் என்றால் 180-க்கு 100. இந்தச் சதுரத்துக்குள் அடங்காமல் மேலே எழும்பி நிற்கும் பெரிய திரைகளை நான் மாட்டுவதில்லை. ஏசி காற்றையும் ஹசார்டு ஸ்விட்சையும் அவை மறைக்கின்றன.

2000-க்குப் பிறகு வந்த கார்களில் வேறொரு சிக்கல் உண்டு. 2005 முதல் 2008 வரையிலான போர்ஷே 911, பாக்ஸ்டர் போன்றவற்றில் செட்டுக்கும் ஒலியைப் பெருக்கும் ஆம்புக்கும் (ஆம்ப்ளிஃபயர்) நடுவில் பாட்டு செம்பு வயரில் போவதில்லை, ஒளியிழையில் போகிறது. மோஸ்ட் என்று அந்த அமைப்புக்குப் பெயர். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழை, அதற்குள் சிவப்பு ஒளி. எல்லாக் கருவிகளும் கைகோத்து நிற்பது போல ஒரே வளையமாக இணைந்திருக்கும். நடுவில் ஒன்றைக் கழற்றினால் வளையம் அறுந்து மொத்த சிஸ்டமும் ஊமையாகிவிடும். செட்டை மாற்றியதும் ஆம்பு கெட்டுவிட்டது என்று பயந்து வருகிறவர்களில் பலருக்கு ஆம்பு நன்றாகவே இருக்கிறது, ஒளி வராததுதான் காரணம். புது செட்டின் ஒலியை மோஸ்டுக்கு மாற்றித் தரும் கருவி வேண்டும், இல்லையென்றால் ஆம்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். கழற்றும்போது அந்த இழையை மடித்துச் சொருகிவிடாதீர்கள். வளைவின் ஆரம் 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஒளி கசியும். முனையில் விரல் படவே கூடாது.

காரின் முகம் மாறாமல் வசதி மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2020-ல் போர்ஷே நிறுவனமே தன் பழைய கார்களுக்கென்று திரையோடு கூடிய செட் கொண்டுவந்தது. 911-இன் பழைய தலைமுறைகளுக்கு ஒற்றை டின் அளவில் 3.5 இன்ச் திரை, 911-இன் 996 தலைமுறைக்கும் முதல் பாக்ஸ்டருக்கும் இரட்டை டின் அளவில் 7 இன்ச். ஐபோனின் செயலிகளை செட்டின் திரையில் காட்டும் ஆப்பிள் கார்ப்ளே இரண்டிலும் உண்டு. பித்தான்களின் வடிவம்கூட அந்தக் கால டேஷ்போர்டோடு ஒத்துப்போகிறது. எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஒலி விஷயத்துக்கு வருகிறேன். அட்டைப்பெட்டியின் மேல் "50 வாட், 4 சானல்" என்று அச்சிட்டிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டை 4 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கரில் அப்படியே கொட்டினால் வரும் கணக்கு அது: 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8. அந்த நிலையில் பாட்டு கேட்காது, கரகரப்புதான் கேட்கும். பிசிறில்லாத ஒலிக்கு அதில் பாதிதான் கிடைக்கும். செட்டுக்குள் நடக்கும் இழப்பும் போனால் 20 வாட் பக்கம் நிற்கும். கூரையைத் திறந்து ஓட்டும் காரில் காற்றின் இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க இது போதாது, தனி ஆம்பு வேண்டும். ஆம்புக்கு பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தால், பேட்டரிக்கு அரை மீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். வழியில் வயர் எங்காவது தகரத்தில் உரசினால் தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஒரு ஃபியூஸ்தான். இதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

பழைய ஸ்பீக்கர்களை வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒவ்வொன்றின் ஓமையும் அளந்து பாருங்கள். கம்பெனியில் உயர்தர ஆடியோவோடு வந்த கார்களில் 2 ஓமும் அதற்குக் கீழேயும் இருக்கும். 4 ஓமுக்குச் செய்த செட்டை நேராக அதில் கொடுத்தால் இரட்டிப்பு மின்சாரம் ஓடும், செட் கொதிக்கும். ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் "ங்ங்ஈ" என்ற கீச்சு ஏறினால் முதலில் எர்த்தை, அதாவது மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பைப் பாருங்கள். ஃபில்டர் வாங்கி ஒட்டுவது நோயை மூடிவைக்கும் வேலை. கார்வெட் போல பாடி தகரமாக இல்லாத கார்களில் பாடியில் ஸ்குரூ போட்டு எர்த் எடுக்க முடியாது, ஃபிரேமுக்கோ கம்பெனி எர்த் முனைக்கோ தனி வயர் ஓட வேண்டும்.

"நேவிகேஷன் திடீர்னு பல வருஷம் பின்னாடி போயிடுச்சு" என்று சிலர் காரைக் கொண்டுவருவார்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அனுப்பும் வார எண் 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. 1999 ஆகஸ்ட் 21 நள்ளிரவிலும் 2019 ஏப்ரல் 6 நள்ளிரவிலும் அப்படித் திரும்பியது. இதை எதிர்பார்த்து எழுதப்படாத பழைய மென்பொருள், தேதியைக் கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆன்டெனாவை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. மேப் டிவிடியும் புதிதாக வராது. போன் வழியாக வழி காட்டும் செட்டுக்கு மாறுவதே நடைமுறை. புது ஜி.பி.எஸ். ஆன்டெனாவை உலோகப் படலம் பூசிய கண்ணாடிக்கு அடியில் வைக்காதீர்கள். செட்டின் பிங்க் நிற வயரில் காரின் வேகத் துடிப்பை, அதாவது சக்கரம் சுழலும் வேகத்தைச் சொல்லும் சிக்னலைக் கொடுத்துவிட்டால், சொந்த மேப் உள்ள செட்கள் சுரங்கப்பாதைக்குள்ளும் இடம் தவறாமல் போகும்.

ஹேண்ட்பிரேக் வயரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வெளிர் பச்சை வயர். கார் நிற்கும்போது மட்டும் வீடியோ ஓடுவதற்காக வைத்தது. ஓடும்போதும் வீடியோ தெரிய, அதை எர்த்தில் முறுக்கிவிடச் சொல்லி வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். நான் செய்து தருவதில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் காரில் செட் முழங்கால் உயரத்தில் இருக்கும், அதைப் பார்க்க ரோட்டிலிருந்து கண்ணை முழுக்க இறக்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண் இறங்கினால் கார் 44 மீட்டர் தானாக ஓடியிருக்கும்.

வேலையை ஆரம்பிக்கும் நாளில், பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் பழைய செட்டைத் திறக்கும் ரகசிய எண், அதாவது கோடு (code), கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் போய் வந்ததும் அது கோடு கேட்கும். மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் கப்ளர் கண்ணில் பட்டால் அதில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது. கழற்றிய ஒரிஜினல் செட், அதன் ஃபிரேம், ஸ்குரூ எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, கோடு எழுதிய சீட்டையும் உள்ளே வையுங்கள். அடுத்து அந்தக் காரை வாங்குகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.