தூரத்துப் படத்தில் தொலையும் மஞ்சள்

மோல்மீன் வாசகர் ஒருவர், கோயிலுக்குப் பின்னால் உள்ள தூங்குமூஞ்சி மரத்தில் உட்கார்ந்திருந்த சிறு பறவையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். "பழுப்பு ஈப்பிடிப்பானா, கரும்பக்க ஈப்பிடிப்பானா? அலகில் மஞ்சள் தெரியவில்லையே" என்பது அவருடைய கேள்வி. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து பர்மாவுக்கு வரும் இந்த இரண்டும் பலரைக் குழப்புபவை. இரண்டும் சாம்பல் கலந்த பழுப்பு. ஏறத்தாழ 13 செ.மீ. நீளம், கண்ணைச் சுற்றி வெளிர் வளையம். பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கீழலகின் அடிப்பகுதி வெளிர் மஞ்சள். மற்றதன் அலகு சிறியது, பெரும்பாலும் கறுப்பு.

படத்தில் தெரியவில்லை என்பதால் மஞ்சள் இல்லை என்று ஆகிவிடாது. 400 மி.மீ. லென்ஸ், 40 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரில் பறவை 1.3 மி.மீ. பிம்பமாக விழும். பிக்சல் ஒன்று 4 மைக்ரான் என்றால் தலை முதல் வால் வரை 325 பிக்சல். கைபேசிச் செயலியில் அனுப்பும்போது படம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கினால் எண்பது சொச்சம் மிஞ்சும். அதில் அலகுக்கு ஆறு. மஞ்சள் பகுதிக்கு நீளவாக்கில் மூன்று, உயரத்தில் ஒன்று.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. சென்சாருக்குத் தானாக நிறம் தெரியாது. பிக்சல்களில் பாதிக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம் என்று வடிகட்டிகள் போர்த்தியிருக்கின்றன. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்த இந்த அமைப்புக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்தது. ஒவ்வொரு பிக்சலும் ஒரே நிறத்தைத்தான் அளக்கிறது; மற்ற இரண்டும் அக்கம்பக்கத்தை வைத்துக் கணித்தவை. பிறகு ஜேபெக் கோப்பாகும்போது ஒளிர்வு (வெளிச்சமா, இருட்டா என்பது) வேறு, நிறம் வேறு என்று பிரிக்கப்படுகிறது. ஒளிர்வின் நுணுக்கத்தில் நம் கண் கூர்மையானது, நிறத்தின் நுணுக்கத்தில் மந்தமானது. ஆகவே ஒளிர்வுக்கு எல்லாப் பிக்சலிலும் இடம் உண்டு. நிறமோ பல கோப்புகளில் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான், நாலு பேருக்கு ஒரே போர்வை போல. ஒற்றைப் பிக்சல் உயரமுள்ள மஞ்சள், மேலலகின் கருமையோடும் பின்னாலுள்ள இலைப் பச்சையோடும் சராசரியாகிக் கரைந்துவிடுகிறது.

ஆகவே ஒளிர்விலேயே தெரியும் அடையாளம் வேண்டும். மடக்கிய இறக்கையைப் பாருங்கள். உடலை ஒட்டி மேலே கிடக்கும் மூன்றாம் நிலைச் சிறகுகளைத் தாண்டி, இறக்கையின் வெளிப்புற நீள இறகுகளான முதன்மைச் சிறகுகளின் நுனி நீண்டிருக்கும். கரும்பக்க ஈப்பிடிப்பானில் அந்த நீட்சி, வெளியே தெரியும் மூன்றாம் நிலைச் சிறகுகளின் நீளத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும். பழுப்பு ஈப்பிடிப்பானில் குறைவு. இரண்டு நீளங்களும் ஏறத்தாழ ஒரே கோட்டில் கிடப்பதால், பறவை சற்றுத் திரும்பி உட்கார்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே குறுகும். விகிதம் அப்படியே நிற்கும். என்ன அழகான வடிவியல்!

வாசகரின் படத்தில் நீட்சி தெளிவாகவே குறைவு. பழுப்பு ஈப்பிடிப்பான் என்றே சொல்வேன்.

இத்தகைய விகிதங்கள், அருங்காட்சியக இழுப்பறைகளில் உள்ள பதப்படுத்திய பறவைகளை அளந்தும், உயிருள்ளவற்றை வலையில் பிடித்து வளையமிட்டு விடுவித்தும் சேர்த்த அறிவு. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்காவது அந்த இழுப்பறைகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

தைகா ஈப்பிடிப்பான் இவ்வளவு பாடுபடுத்துவதில்லை. கறுப்பு வாலின் அடிப்பகுதியில் இருபுறமும் வெள்ளைத் திட்டு. அது ஒளிர்வு வேறுபாடு என்பதால் மங்கலான படத்திலும் பிழைத்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு, பறவை பக்கவாட்டில் தெரியும் படமாகத் தேர்ந்து, கேமராவிலிருந்து எடுத்த மூலக் கோப்பையே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.